முள்ளைத் திருப்பினால் கொழும்பு!

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ஒவ்வொன்றாகக் கழிந்து கடைசியில் அத்திப்பட்டு புதுநகர் வரும். அதற்கு அடுத்தது அத்திப்பட்டு. (2001ல் வந்த அஜித்தின் 'சிட்டிசன்' படத்து அத்திப்பட்டி வேறு, இது வேறு. அது கதைக்காக வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்ட ஊர். இது பத்திரமாக வரைபடத்தில் இருக்கிறது!)

இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், அங்கிருந்து கிளம்பிப் போகும் உயர் அழுத்த மின் கோபுரங்களும்தான். முதல் யூனிட் 1994ல் ஓட ஆரம்பித்தது. உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே நின்று ஒரு பழைய டிரான்சிஸ்டரில் மத்திய அலையைப் பிடித்துப் பாருங்கள். 'ஙொய்ய்ய்' என்ற இரைச்சல்தான் முதலில் வரும். பாட்டு அதற்குப் பின்னால் எங்கோ மறைந்திருக்கும். பண்பலைக்கு இந்தத் தொல்லை கிடையாது, மொபைலுக்குச் சுத்தமாகக் கிடையாது. அதனால் இதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இன்று மிகக் குறைவு. வால்வு ரேடியோ, இசைத்தட்டு, கேசட், ரேடியோ லைசென்ஸ் புத்தகம் என்று சேர்த்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மட்டும்தான் கவலைப்படுவார்கள்.

'பெருசுங்களுக்கு வேற வேலை இல்லப்பா' என்று இதைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் ஒரு வேடிக்கையான விஷயம் தெரியும். சென்னையில் ரேடியோ ஆரம்பித்ததே இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தால்தான். அரசாங்கமும் ஆரம்பிக்கவில்லை, கம்பெனியும் ஆரம்பிக்கவில்லை. ஒரு கிளப் ஆரம்பித்தது.

சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று 1924 மே 16 அன்று 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' தொடங்கப்பட்டது. அதே வருஷம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு தெரியுமா? 40 வாட்! ஒரு பழைய குண்டு பல்பு அளவு. பிறகு 200 வாட் ஆக்கினார்கள். இந்தியாவில் அகில இந்திய வானொலி என்ற பெயரே வராத காலம் அது (அந்தப் பெயர் 1936ல்தான் வந்தது). கிளப் உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தினார்கள். எதிர்பார்த்த மாதிரியே பணம் தீர்ந்துபோனது. 1927 அக்டோபரில் கடையை மூடினார்கள்.

மூடியவர்கள் டிரான்ஸ்மிட்டரைப் பழைய இரும்புக்குப் போடவில்லை, சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி அதை வைத்து 1930 ஏப்ரல் 1 முதல் சொந்தமாக ஒலிபரப்பு நடத்தியது. மெரினா மாதிரியான பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் ரேடியோ வாங்க வசதி இல்லாதவர்கள் கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி சென்னை நிலையம் எழும்பூரில் திறக்கப்பட்டு, மாநகராட்சி விலகிக்கொண்டது. ஆக, இன்றைய சென்னை வானொலியின் கொள்ளுத்தாத்தா ஒரு ரசிகர் மன்றம்!

ரேடியோ வீட்டுக்குள் வந்த கதை தனி. வால்வு செட் வாங்குவது அன்றைக்கு ஒரு சின்ன கல்யாணம் மாதிரி. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி., டெலிஃபங்கன், நேஷனல் எக்கோ என்று பிராண்டுகள். கூடத்தில் ஸ்டாண்டு அடித்து, மேலே துணி போட்டு மூடி, சுவரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் செம்புக் கம்பி வலையில் ஏரியல் கட்டுவார்கள். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும். சில செட்டுகளில் 'மேஜிக் ஐ' என்று ஒரு பச்சைக் கண் இருக்கும், ஸ்டேஷன் சரியாக விழுந்தால் அந்தக் கண் மூடிக்கொள்ளும். டயல் கண்ணாடியில் எண்களோடு ஊர்ப் பெயர்களும் அச்சாகியிருக்கும். டெல்லி, கொழும்பு, லண்டன்... சிவப்பு முள்ளைத் திருப்பினால் ஊர் ஊராகப் போகலாம்.

இதற்கெல்லாம் அரசாங்க அனுமதி வேறு வேண்டும். தபால் ஆபீஸில் ரேடியோ லைசென்ஸ் எடுக்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வீட்டு ரேடியோவுக்கு வெகுகாலம் கட்டணம் 15 ரூபாய். சின்ன புத்தகம் ஒன்று கொடுப்பார்கள், அதில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருந்தால் 1933ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி குற்றம். 1980களின் நடுவில்தான் இந்தத் தொல்லை முழுதாக ஒழிந்தது. இன்று அந்தப் புத்தகங்களைச் சேகரிக்க ஒரு கூட்டமே இருக்கிறது. முத்திரையில் தபால் ஆபீஸ் பெயர் தெளிவாக விழுந்திருந்தால் மதிப்பு அதிகம்.. ஒரு காலத்தில் தண்டச் செலவு என்று திட்டிக்கொண்டே கட்டிய ரசீது!

லைசென்ஸ், செட் விலை, கரண்ட் எல்லாம் சேர்ந்து என்ன ஆனது என்றால், ஒரு தெருவுக்கு ஒன்றோ இரண்டோ ரேடியோதான். மற்றவர்களுக்கு டீக்கடை. அல்லது பக்கத்து வீட்டுத் திண்ணை. ரேடியோ கேட்பது என்றாலே பத்துப் பேரோடு கேட்பது என்று பழகிப்போனது இப்படித்தான்.

சரி, கொழும்புக்கு வருவோம்.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமை, தன் சிப்பாய்களுக்காக 'ரேடியோ சீயாக்' என்ற சக்திவாய்ந்த நிலையத்தைக் கொழும்பில் நடத்தியது. போர் முடிந்த பிறகு அந்த வசதியெல்லாம் இலங்கை அரசுக்குக் கிடைத்தது. கையில் பெரிய டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, உள்நாட்டுக்கு அவ்வளவு பெரியது தேவையில்லை, பக்கத்திலோ கோடிக்கணக்கான மக்கள் கொண்ட இந்தியா.. என்ன செய்வார்கள்? விளம்பரம் போட்டு வியாபாரம் செய்தார்கள். 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக சேவை ஆரம்பமானது.

அந்த வியாபாரத்துக்கு மிகப் பெரிய உதவியைச் செய்தவர் ஒரு இந்திய அமைச்சர்! 1952ல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு பி.வி.கேஸ்கர் வந்தார். சாஸ்திரீய சங்கீதத்தில் பெரிய பற்றுள்ளவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரத்தைச் சுருக்கினார், படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். கொஞ்ச காலத்துக்கு இந்திய வானொலியில் சினிமாப் பாட்டே இல்லை என்ற நிலை. அதே 1952ல் கொழும்பிலிருந்து அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' ஆரம்பித்து வட இந்தியாவையே கட்டிப் போட்டது.

கடையில் சரக்கை நிறுத்தினால் தேவை நின்றுவிடாது, வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். வணிகவியல் முதல் வருஷப் புத்தகத்தில் இருக்கும் இந்த விஷயம் டெல்லிக்குப் புரிய 5 வருஷம் ஆனது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்தது. அதில் விளம்பரம் வர 1967 நவம்பர் ஆனது. அதற்குள் தமிழ்நாட்டில் 'சிலோன் ரேடியோ' பழகிவிட்டது. 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனமாக மாறியது. பிறகு 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று அறிவிப்பாளர்கள் சொல்லிச் சொல்லி, 'கூட்டுத்தாபனம்' என்றால் என்னவென்றே தெரியாத தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதை மூச்சு விடாமல் சொன்னார்கள்.

இதில் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மத்திய அலை பகலில் தரையை ஒட்டித்தான் பயணம் செய்யும். காய்ந்த மண்ணும் பாறையும் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல் மேல் அதே அலை வெகு தூரம் போகும். கொழும்பிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 680 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி வெறும் கடல். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் தண்ணீரை ஒட்டிய ஊர்கள். இராத்திரியில் கணக்கு வேறு. சூரியன் போனதும் வானத்தின் அயனி மண்டலத்தில் அலையை உறிஞ்சும் கீழ் அடுக்கு மறைந்துவிடும், மேல் அடுக்கில் பட்டுத் தெறித்து வெகு தூரத்து ஸ்டேஷன்களும் உள்ளே வரும். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி ஒரு திசையில் நன்றாக வாங்கும், இன்னொரு திசையில் வாங்காது. ரேடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி வைத்து 'இதோ, இப்ப நல்லா கேக்குது, யாரும் தொடாதீங்க' என்று சொன்ன அனுபவம் அந்தத் தலைமுறை முழுவதற்கும் உண்டு. சிற்றலையில் 25 மீட்டர், 41 மீட்டர் என்று தேடியவர்களுக்கு இந்தத் திசைக் கணக்கு தேவையில்லை, ஆனால் குரல் அலை மாதிரி ஏறி இறங்கும்.

டிரான்சிஸ்டர் என்றதும் இன்னொரு வடசென்னை விஷயம். அது ஓடுவதற்குத் தேவையான செல் எங்கிருந்து வந்தது? யூனியன் கார்பைடு கம்பெனியின் எவரெடி பேட்டரித் தொழிற்சாலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான் இருந்தது. போபால் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் அதே யூனியன் கார்பைடு. செல் தீர்ந்துபோனால் வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டும் வித்தையும் ஊருக்கே தெரியும்.

குரல்கள்! எஸ்.பி.மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத், கே.எஸ்.ராஜா, மயில்வாகனம் சர்வானந்தா... சினிமா நடிகருக்கு ரசிகர் மன்றம் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முகமே தெரியாத அறிவிப்பாளர்களுக்குத் தமிழ்நாட்டு ஊர்களில் ரசிகர்கள் இருந்தார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' முத்திரை இசை கேட்டால் மணி என்ன என்று கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை. கே.எஸ்.ராஜா மூச்சு விடாமல் வேகமாகப் பேசுவார், ஒரு படத்துக்கு அவர் கொடுக்கும் விளம்பரமே படத்தைவிட நன்றாக இருக்கும் என்பார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் அதற்கு நேர் எதிர், பக்கத்து வீட்டு அக்கா பேசுவது மாதிரி. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' பிறகு தொலைக்காட்சிக்கும் வந்தது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் 'நீங்கள் கேட்டவை'க்கும் தமிழ்நாட்டிலிருந்து கடிதம் போகும். உள்நாட்டு அஞ்சலட்டைபோல மலிவாக முடிகிற வேலை இல்லை அது, வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஒட்டினார்கள். அங்கே ஒரு தடவை தன் பெயரும் ஊர்ப் பெயரும் வாசிக்கப்பட்டால் அந்த வாரம் முழுக்கத் தெருவில் ராஜநடைதான்!

இந்தக் கதையின் நடுவில் ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது. பழைய ரேடியோ ரசிகர்கள் கூடும் இடத்தில் எவ்வளவு சிரிப்பு இருந்தாலும் இந்த இடம் வரும்போது பேச்சு கொஞ்சம் நின்றுவிடும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் உலகமெங்கும் சிதறினார்கள். கே.எஸ்.ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். துப்பாக்கி பிடித்தவர் இல்லை, பாட்டுப் போட்டவர். ராஜேஸ்வரி சண்முகம் 2012 மார்ச்சில் காலமானார். அந்தக் குரல்கள் பேசியதெல்லாம் நேரடி ஒலிபரப்பு, காற்றில் போனது போனதுதான். நிலையங்களில் எல்லாவற்றையும் டேப்பில் போட்டு வைக்கும் வழக்கம் எங்கேயும் கிடையாது. டேப் விலை அதிகம், பழசை அழித்துவிட்டுப் புதுசைப் பதிவார்கள். பி.பி.சி.யே தன் புகழ்பெற்ற 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களின் பல பகுதிகளை அழித்துவிட்டது. அழிந்த பகுதிகளின் ஒலி மட்டும் இன்று முழுதாகக் கிடைக்கிறது. காரணம், அந்தக் காலத்தில் டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த சில ரசிகர்கள்!

நம் ஊரிலும் அதேதான் நடந்தது. டூ-இன்-ஒன் வாங்கியவர்கள் ரேடியோவில் வருவதை அப்படியே கேசட்டில் பிடித்தார்கள். பாட்டு மட்டும் வேண்டும் என்று அறிவிப்பு வரும்போது பாஸ் பட்டனை அழுத்தியவர்கள் நிறையப் பேர். இன்று அவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பாட்டு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிறது, அறிவிப்புதான் கிடைக்கவில்லை. சோம்பேறித்தனமாக பாஸ் பட்டனை அழுத்தாமல் விட்டவர்களின் கேசட்டுகளுக்குத்தான் இப்போது மதிப்பு. இணையத்தில் கேட்கக் கிடைக்கும் பழைய இலங்கை வானொலித் துணுக்குகளில் பல இப்படி யாரோ ஒரு நேயர் வீட்டு அலமாரியிலிருந்து வந்தவை. நடுவில் குக்கர் விசில் கேட்கும், 'அம்மா, சத்தம் போடாதே' என்ற குரல் கேட்கும். அதையும் சேர்த்துத்தான் பிரதி எடுக்கிறார்கள்.

*

ரேடியோ ரசிகர்களில் இன்னொரு ஜாதி உண்டு. இவர்களுக்குப் பாட்டு முக்கியமில்லை, தூரம் முக்கியம். 'டிஎக்ஸிங்' என்று பெயர். எவ்வளவு தொலைவிலிருந்து வரும் ஸ்டேஷனைப் பிடிக்க முடிகிறது என்பதுதான் விளையாட்டு. பிடித்ததும் அந்த ஸ்டேஷனுக்கு அறிக்கை எழுத வேண்டும்: தேதி, உலகப் பொது நேரம், அலைவரிசை, என்ன நிகழ்ச்சி, எப்படிக் கேட்டது. கேட்ட தரத்தை ஐந்து எண்களில் சொல்லிவிடலாம். ஒலியின் பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 1லிருந்து 5 வரை மார்க். '45444' என்று எழுதினால் உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் என்ஜினீயருக்கும் புரியும். அறிக்கை சரியாக இருந்தால் ஸ்டேஷன் ஒரு வண்ண அட்டை அனுப்பும். அதுதான் கியூ.எஸ்.எல். கார்டு. கூடவே காலண்டர், கொடி, ஸ்டிக்கர்.

தமிழ் கேட்பவர்களுக்கு வெளிநாட்டு ஸ்டேஷன்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941 மே மாதம் ஆரம்பித்தது. பீக்கிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. சீனாவுடன் நடந்த போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை! பின்னாளில் அதற்குத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நேயர் மன்றங்கள் வந்தன. மாஸ்கோ, மணிலாவின் வேரித்தாஸ் என்று இன்னும் பல. எல்லை, போர், அரசியல் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, சீன முத்திரை குத்திய தபால் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு வந்து இறங்கியது. போஸ்ட்மேனுக்கும் அந்த வீடு நன்றாகத் தெரியும்.

சென்னையில் 'ஆர்டிக் டிஎக்ஸ் கிளப்' இந்த ஆட்களை ஒன்று சேர்த்தது. 'சர்வதேச வானொலி' என்று தமிழிலேயே ஒரு இதழும் கொண்டுவந்தார்கள். எந்த ஸ்டேஷன் எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் என்ற பட்டியலை வெறும் கையால் தொகுத்துப் பகிர்ந்துகொண்ட காலம் அது, கூகுள் கிடையாது. 2017 ஏப்ரல் 30 அன்று பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றபோது, கடைசி நிகழ்ச்சியை இணையத்தில் கேட்காமல் வேண்டுமென்றே சிற்றலை ரேடியோவில் கேட்டவர்கள் உண்டு. செத்த வீட்டுக்கு நேரில் போவது மாதிரி.

இசைத்தட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரேடியோக்காரர்களும் இவர்களும் கடைசியில் ஒரே சந்தையில்தான் வந்து முட்டிக்கொள்வார்கள். 1902ல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்ததிலிருந்து இந்தியாவில் கிராமபோன் கதை ஓடுகிறது. அந்தக் காலத் தட்டு அரக்கில் செய்தது. உலகத்துக்கே அரக்கு சப்ளை செய்தது இந்தியாதான், ஒரு சின்னப் பூச்சியின் புண்ணியத்தில். நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று சொச்சம் நிமிஷம். அரை மணி நேரம் விரிவாகப் பாட வேண்டிய கீர்த்தனையை மூன்று நிமிஷத்துக்குள் அடக்கி முடிக்கும் புதுக் கலையே இதனால் பிறந்தது. எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடியதும் தேய்ந்துவிடும், மாற்ற வேண்டும். அந்த ஊசி வந்த தகர டப்பா இன்று தனியாக விலை போகிறது! ஏ.வி.எம். ஸ்டுடியோவின் மெய்யப்பச் செட்டியாரே மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கியவர்தான்.

வெளிநாட்டில் 78 சுற்றுத் தட்டுகள் ஒழிந்த பிறகும் இந்தியாவில் ரொம்ப நாள் ஓடின. கரண்ட் இல்லாத வீடுகள் நிறைய, சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிக்கு 78 தட்டுதான் ஆகும். அதனால் என்ன ஆனது தெரியுமா? பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளை 1960களில் டம் டம் தொழிற்சாலையில் 78 தட்டாக அடித்தார்கள். உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத அந்தத் தட்டுகளுக்காக வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இன்றும் பெரிய விலை கொடுக்கிறார்கள். பின்தங்கியிருந்ததற்கு ஒரு பரிசு!

நம் ஊரில் பழைய தட்டுகளின் பெரிய பொக்கிஷம் பணக்கார வீட்டில் இருக்கவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அகுஜா ஆம்பிளிஃபயர் வைத்து, தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டோடு வந்து இறங்குவார் 'ரேடியோ செட்'காரர். முதலில் பக்திப் பாட்டு, அப்புறம் சினிமா, ராத்திரி திருவிளையாடல் கதை வசனம். தருமிக்கும் சிவனுக்கும் நடக்கும் சண்டை ஊருக்கே மனப்பாடம் ஆனது இந்தக் குழாய் வழியாகத்தான். கேசட் வந்ததும் அந்தப் பெட்டிகள் பரண் மேல் ஏறின. 1980களில் இளையராஜாவின் பாடல்களை எக்கோ கம்பெனி எல்.பி.யாகத் தொடர்ந்து கொண்டுவந்தது, இன்று சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பல எல்.பி.க்களில் கீறல் அதிகம், அட்டையில் சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். ஸ்டாம்பு இருந்தால் விலை குறைவு என்பது வெளிநாட்டு வழக்கம். இங்கே ஸ்டாம்பில் உள்ள ஊரைப் பார்த்து 'அட, நம்ம தண்டையார்பேட்டை!' என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

இவர்களுக்கெல்லாம் கோயில் மாதிரி இருந்தது மூர் மார்க்கெட். சென்ட்ரல் பக்கத்தில் 1900ல் திறந்த சிவப்புக் கட்டிடம். பழைய புத்தகம், கிராமபோன், ரேடியோ உதிரி பாகம், இசைத்தட்டு, புறா, முயல்... எதைக் கேட்டாலும் கிடைக்கும், பேரம் பேசத் தெரிய வேண்டும். 1985 மே 30 அன்று தீப்பிடித்து எரிந்துபோனது. எத்தனை தட்டு உருகியது என்று யார் கணக்கு வைத்தார்கள்? பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் வியாபாரிகளுக்கு இடம் கொடுத்தார்கள். பெயரும் பழக்கமும் ஒட்டிக்கொண்டன, பழைய கூட்டம் திரும்ப வரவில்லை.

கேசட் காலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை வேகமாகக் கடந்துவிடலாம். 1963ல் பிலிப்ஸ் கண்டுபிடித்தது. இங்கே 60 அல்லது 90 நிமிஷக் காலி கேசட், நோட்டுப் பேப்பரில் எழுதிய பாட்டு லிஸ்ட், ரெக்கார்டிங் சென்டர் அண்ணன். காப்புரிமை என்ற வார்த்தையை யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை! செட் வாங்க பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உண்டான அந்தக் கடைவரிசையில்தான் நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் வடசென்னை வீடுகளுக்குள் நுழைந்தது. உதிரி பாகத்துக்கு ரிச்சி தெரு.

கடற்கரையில் இருப்பதால் கிடைத்த சலுகைக்குக் கடலே வட்டியோடு வசூல் செய்கிறது. ரேடியோ அலையைக் கொண்டுவந்து கொடுத்த அதே உப்புக் காற்று, வால்வு செட்டின் இரும்புச் சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கேசட் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். ஸ்பீக்கர் காகிதம் நமுத்துப் போகும். எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூசும் சேர்ந்துகொள்ளும். எனவே இந்தப் பொருட்களை வைத்திருப்பது என்றால் ஓயாமல் துடைப்பது, காய வைப்பது, பழுது பார்ப்பது. தனியாக முடியாது. ஒருவரிடம் உதிரி வால்வு இருக்கும், இன்னொருவருக்கு டயல் கயிறு கட்டத் தெரியும், மூன்றாமவரிடம் பெல்ட் இருக்கும். ஒரு தெருவுக்கு ஒரு ரேடியோ இருந்த காலத்தில் பத்துப் பேர் கூடியது பாட்டுக்காக. இப்போது ஒரு ரேடியோ பாட பத்துப் பேர் தேவைப்படுகிறார்கள்.

பல வருஷம் தூங்கிய வால்வு செட்டை நேராக மெயினில் செருகக் கூடாது என்பது இவர்களுடைய முதல் பாடம். உள்ளே இருக்கும் பழைய கெப்பாசிட்டர் வெடித்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அதற்கு ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் வித்தை இருக்கிறது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடர் இணைப்பில் போட்டு, அதன் வழியாகக் கரண்ட் கொடுப்பார்கள். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், உடனே அணைத்துவிடலாம். ஒரு நொடி எரிந்து மங்கினால் நல்ல சகுனம். எல்லோரும் பல்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது மங்கும், வால்வில் மெல்ல ஆரஞ்சு நிறம் ஏறும், அரை நிமிஷத்தில் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகும்.

எல்.இ.டி. வந்த பிறகு அந்த 100 வாட் குண்டு பல்பு சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை. அல்லிக்குளத்தில் தேட வேண்டிய பொருட்களின் பட்டியலில் இப்போது அதுவும் சேர்ந்துவிட்டது.